விலகு என்றவனை யாரும் கேட்பதில்லை

பிப்ரவரி 6

மைத்துனருக்கு,

இங்கு நலம். நீங்களும் நலம் என்று உங்கள் அக்கா சொல்கிறாள், நம்புகிறேன்.

இந்தக் கடிதத்தை நானாக எழுதவில்லை. உங்கள் அக்கா எதிரில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே, என் பேனா நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். போனில் பேசினால் நம் இருவரில் ஒருவர் பட்டென்று வைத்துவிடுகிறோமாம். கடிதத்தை அப்படி வைக்க முடியாதாம். அவளுடைய கண்டுபிடிப்பு.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் கடைசியில் எனக்கு ஓய்வு. ஓய்வு பெறும் கேப்டன் தன் கடைசிப் பறப்புக்கு வேண்டிய ஆட்களைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். விமானப்படை எனக்குச் செய்யும் முதல் மரியாதையும் கடைசி மரியாதையும் இதுதான். என் டேங்கர் விமானத்தின் வாலில் குப்புறப் படுத்து, நடுவானில் பின்னால் பறந்து வரும் விமானத்துக்குக் குழாயை நீட்டி எண்ணெய் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த வேலைக்கு நீங்கள்தான் வரவேண்டும் என்பது வீட்டு உத்தரவு. "என் தம்பி வால்ல இல்லாம நீங்க தரையிறங்கினா, பூங்கொத்தோட நான் அங்க நிப்பேன்னு எதிர்பாக்காதீங்க" என்கிறாள்.

வாருங்கள். ஆனால் ஒரு நிபந்தனை.

நான்கு வருடங்களுக்கு முன், பின்னால் வந்த சரக்கு விமானத்தில் தலைமையகத்துப் பெரியவர்கள் உட்கார்ந்து நம் வேலையை வேடிக்கை பார்த்த அன்று, குழாய் பொருந்தி எண்ணெய் ஏறத் தொடங்கியதும் நீங்கள் "விலகு, விலகு, விலகு" என்று கத்தினீர்கள். அவர்கள் கீழே இறங்கினார்கள், நான் மேலே ஏறினேன், நடுவில் மேகம் வந்தது, எண்ணெய் இல்லாமல் அவர்கள் திரும்பிப் போனார்கள். அதில் ஒரு பெரியவரின் மடியில் சூடான காபி கொட்டியது. எனக்கு வரவேண்டிய அணித் தலைமை என்னோடு படித்த சிரிப்பனுக்குப் போனது. அவன் எதற்கும் சிரிப்பான், அதற்கும் சிரித்தான். இறங்கியதும் எல்லார் முன்னிலையிலும் உங்களிடம் காரணம் கேட்டேன். நீங்கள் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். அடுத்த மாதமே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

அந்தக் காரணத்தை இப்போது எழுதி அனுப்புங்கள். பிறகு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவன்


பிப்ரவரி 13

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைக் கண்டதும் சந்தோஷத்தில் பக்கத்து அறைக்காரனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். பிரித்துப் படித்ததும் அந்த டீயைத் திருப்பி வாங்கிக் குடித்துவிட்டேன். அடுத்த தலைமுறைக்குச் சொல்லும் அளவுக்கு எனக்கு 'நீங்கள்' என்று மரியாதை கொடுத்திருக்கிறீர்கள். அப்போதே தெரிந்தது, சூடு ஆறவில்லை.

நான் இங்கே நன்றாக இருக்கிறேன். கடற்காற்றில் என் சைக்கிள் துரு ஏறி, மணியைத் தவிர எல்லாப் பாகமும் சத்தம் போடுகிறது. தொப்பை வேறு வந்துவிட்டது. குப்புறப் படுத்தால் தொட்டில் மாதிரி ஆடுகிறேன். எண்ணெய் வாங்க வருகிறவர்கள் காற்று அதிகமோ என்று பயப்படுகிறார்கள்.

உங்கள் கடைசிப் பறப்புக்கு வர எனக்கு எவ்வளவு ஆசை என்று அக்காவுக்குத் தெரியும். ஆனால் நிபந்தனை முடியாது, அத்தான்.

'விலகு' என்று சொல்ல விமானத்தில் இருக்கிற யாருக்கும் உரிமை உண்டு. சொன்னவனைக் காரணம் கேட்கக் கூடாது. அவனும் சொல்ல வேண்டியதில்லை. இதை முதன்முதலில் எனக்குச் சொன்னது யார் என்று நான் எழுத மாட்டேன், உங்களுக்குக் கோபம் வரும். காரணம் காட்ட வேண்டும் என்று ஆகிவிட்டால், நாளைக்கு ஒருவன் வாயைத் திறக்கும் முன் நல்ல காரணமாகத் தேடுவான். அவன் தேடி முடிப்பதற்குள் இரண்டு விமானமும் ஒன்றாகிவிடும்.

"தனியா எங்கிட்ட மட்டும் சொல்லேன்" என்பீர்கள். தனியாகச் சொன்னாலும் சொன்னதுதானே.

அக்காவிடம் பட்டாணியில் புழு பார்க்கச் சொல்லுங்கள். கோபமாக இருந்தால் அவள் பார்க்க மாட்டாள்.

அன்பு மாறாத,
மச்சான்


பிப்ரவரி 20

மைத்துனருக்கு,

மிக்க நன்றி. என் நிபந்தனை உங்களுக்குக் கசக்கிறது, உங்கள் சட்டம் எனக்குக் கசக்கிறது. சரியாகப் போயிற்று.

குழாய் வேலைக்குக் 'கொட்டாவி'யை எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் போன பிறகு வந்தவன். கட்டளை கேட்கும்போதுகூட வாயைப் பிளப்பான் என்றாலும் எதிர்த்துப் பேச மாட்டான். நான் இடது என்றால் இடது. அப்படி ஓர் ஆளோடு வேலை செய்வது எவ்வளவு நிம்மதி என்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

உங்கள் அக்கா மூன்று நாட்களாக என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் பேசுகிறது, மேஜையில் வைக்கும்போது.

இப்படிக்கு,
மேற்படியான்


பிப்ரவரி 26

அன்புள்ள அத்தான்,

கொட்டாவி போன வருடம் இங்கே பயிற்சிக்கு வந்திருந்தான். நல்ல வேலைக்காரன், கை சுத்தம். கையுறைக்குள் அவன் விரல் வியர்த்தால் குரல் மாறும், அதை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள்.

நான் அன்றைக்கு விடுப்பு எடுத்து வந்து, ஓடுபாதை வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன். வேலிக்கு வெளியே நிற்க நிபந்தனை ஏதும் இல்லையே? இருந்தால் எழுதவும்.

மச்சான்


மார்ச் 9

மச்சானுக்கு,

நேற்று பயிற்சிக்குப் போனோம். வலது என்ஜின் பக்கம் உட்கார்ந்தால் காது போகும் என்று தெரிந்தும் சமையல் மூலையை அங்கேயே வைத்த மகானைத் திட்டிக்கொண்டே பறந்தேன். வானிலை சரியில்லை. பின்னால் வந்தது ஒரு சரக்கு விமானம், புதுப் பையன் ஓட்டுகிறான். குழாய் பொருந்தியது. என் இருக்கையிலிருந்து பின்னால் எதுவும் தெரியாது என்பது உனக்குத் தெரியும். வாலில் இருப்பவன் சொல்வதுதான் எனக்குக் கண். கொட்டாவி "நல்லா இருக்கு சார், நல்லா இருக்கு சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். குரலில் மட்டும் கொட்டாவி இல்லை. அது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. திடீரென்று என் விமானத்தின் வால் குதித்தது. குழாய் தானாகக் கழன்றுகொண்டது. ஆண்டவன் புண்ணியம், அவ்வளவுதான் ஆயிற்று.

இறங்கியதும் பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள், அவர்கள் விமானம் ஊஞ்சல் மாதிரி ஆடியதாம், ஏன் விலகச் சொல்லவில்லை என்று அவர்களுக்கே ஆச்சரியமாம். நான் கொட்டாவியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"ஏன்டா சொல்லல?"

"பயமா இருந்துச்சு சார்."

"அவனுங்க ஆடினதுக்கா?"

"இல்ல சார். உங்களுக்கு." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "சொந்த மச்சான், அவரையே நாலு வருஷமா விடல நீங்க. மெஸ்ஸுல எல்லாருக்கும் தெரியும். நான் எம்மாத்திரம் சார்? காரணம் ஒண்ணு கெடைக்கட்டும், அப்புறம் சொல்லலாம்னு பாத்துட்டே இருந்தேன்."

அவனை அனுப்பிவிட்டு, ஆடை மாற்றும் அறையில் ஒரு காலில் பூட்ஸோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கொட்டாவிக்கு மறுபடி பயிற்சி எழுதியிருக்கிறேன், வேறு கேப்டனோடு. வாலில் இடம் காலியாக இருக்கிறது. நிபந்தனை கிடையாது. வேலி ஓரமெல்லாம் வேண்டாம், உள்ளேயே வா.

அத்தான்


மார்ச் 14

அத்தான்,

வருகிறேன். குப்புறப் படுக்கும்போது தாடைக்கு வைக்கும் மெத்தையை நானே கொண்டுவருகிறேன். உங்கள் விமானத்தில் இருப்பது பத்து வருடமாக யார் யார் எச்சிலோ.

மச்சான்


ஏப்ரல் 4

அன்புள்ள மச்சானுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாயாமே. சைக்கிளை யாராவது திருடியிருப்பார்கள் என்று நம்பினேன், இல்லையாம், உன் அக்கா சொன்னாள். திருடனுக்கும் தரம் உண்டு போலிருக்கிறது.

ஒரு விஷயம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் எனக்கு வயிறு வெடித்துவிடும்.

அன்றைக்கு எல்லாமே எவ்வளவு அழகாக இருந்தது! பின்னால் சரக்கு விமானம், அதன் கேப்டன் அந்த நிதானக் குரல் அம்மாள். நீ குழாயைப் பொருத்தியது எனக்குத் தெரியவே இல்லை, வெண்ணெயில் கத்தி போல. எண்ணெய் ஏறுகிறது. என் கடைசிப் பறப்பு, தெளிவான வானம். அப்போதுதான் நான் கத்தினேன், "விலகு, விலகு, விலகு" என்று.

கேப்டனே கத்தினான். அதுவும் கடைசிப் பறப்பில்.

மூன்றாவது 'விலகு' என் வாயை விட்டு வருவதற்குள் நீ குழாயைத் தூக்கிவிட்டாய். அந்த அம்மாள் கீழே போய்விட்டாள். நான் மேலே ஏறினேன். நீங்கள் எல்லாரும் சரியாகச் செய்தீர்கள். நான் ஏன் கத்தினேன் தெரியுமா? எனக்கு நேர் எதிரே, கண் மட்டத்தில், ஒரு கறுப்புப் புள்ளி. கண்ணாடியில் நகர்கிற விமானத்தைப் பற்றிக் கவலையில்லை, அது எங்கோ போகிறது. நகராமல் ஒரே இடத்தில் நிற்கிறதே, அதுதான் நம் மேல் மோத வருவது. இது நமக்கு முதல் வகுப்புப் பாடம். அந்தப் புள்ளி நகரவே இல்லை.

நான் ஏறினேன், அதுவும் ஏறியது. இடது பக்கம் சாய்ந்தேன், கூடவே வந்தது. என்ன கெட்டிக்காரன் ஓட்டுகிறானடா என்று நினைத்தேன். அப்புறம்தான் அதற்குக் கால்கள் இருப்பதைப் பார்த்தேன்.

பூச்சி! ஓடுபாதையில் கிளம்பும்போதே கண்ணாடியில் மோதிச் செத்து ஒட்டிக்கொண்டிருந்த பூச்சி!

துணை விமானி என் பக்கம் திரும்பவில்லை. "காபி சொல்லட்டுமா சார்?" என்றான். ரேடியோவில் அந்த அம்மாள், "சரி, நீங்க ரெடின்னா சொல்லுங்க, நாங்க பக்கத்துலதான் இருக்கோம்" என்றாள், பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி. நீ குழாயைத் தயாராக வைத்திருந்தாய். மறுபடி பொருத்தினோம், கொடுத்து முடித்தோம், இறங்கினோம். கடைசிப் பறப்பு முடித்தவனுக்குச் செய்கிற வழக்கப்படி தண்ணீரை என் தலையில் பீய்ச்சி அடித்தீர்கள். உன் அக்கா பூங்கொத்தோடு நின்றாள். சிரிப்பன் வந்து கை கொடுத்துச் சிரித்தான், ஆனால் அவன் எப்போதும் சிரிப்பவன், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

ராத்திரி என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய். தாடை மெத்தையில் பஞ்சு நல்லதா ரப்பர் நல்லதா என்று அரை மணி நேரம் பேசினாய். "என்ன அத்தான் ஆச்சு?" என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கேட்காததால் எனக்குத் தூக்கம் போயிற்று. நீ ரயில் ஏறிய பிறகு நானே விமானத்துக்குப் போய், ஏணி போட்டு ஏறி, ஈரத்துணியால் அந்தப் பூச்சியைத் துடைத்துவிட்டு வந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு அங்கே என்ன வேலை என்று காவல்காரன் கேட்டான். அவன் ஒருவன்தான் என்னை ஏதோ கேட்டவன்.

கேட்காமலே சொல்லிவிட்டேன். சிரித்துக்கொள்.

அத்தான்


ஏப்ரல் 11

அன்புள்ள அத்தான்,

சிரித்தேன். "அதற்குக் கால்கள் இருப்பதைப் பார்த்தேன்" என்ற இடத்தில் கட்டிலிலிருந்து இறங்கிவிட்டேன். பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டினான். அவனிடம்கூடச் சொல்லவில்லை. இது நமக்குள்.

ஆனால் நீங்கள் கத்தியது சரிதான். பூச்சியா விமானமா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்து, அது விமானமாக இருந்திருந்தால், என்னைக் குப்புறக்கூடப் படுக்க வைத்திருக்க முடியாது.

அத்தான், நீங்கள் சட்டப்படி சொல்ல வேண்டியதில்லை, சொல்லிவிட்டீர்கள். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு என்னவோ போல் இருக்கிறது. அன்றைக்கு, அந்தப் பெரியவர்கள் வந்த அன்று, என்ன நடந்தது என்று இப்போது சொல்கிறேன். நானாக ஆரம்பிக்க எனக்கு வரவில்லை, பழக்கதோஷம். நீங்கள் ஒரு வரி, 'ஏன்' என்று எழுதுங்கள். மறு தபாலில் அனுப்புகிறேன்.

மச்சான்


ஏப்ரல் 17

அன்புள்ள மச்சானுக்கு,

எழுத மாட்டேன்.

நேற்று உட்கார்ந்து எழுதத்தான் பார்த்தேன். 'ஏன்' என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் பேனா மூடியைக் கழற்றினால் கொட்டாவி வந்து நிற்கிறான், தரையைப் பார்த்துக்கொண்டு. உன்னிடம் நான் காரணத்தைக் கேட்டு வாங்கினால், அவனிடம் அவன் கேப்டன் வாங்குவான். அந்தக் காரணம் உன்னோடு இருக்கட்டும். உன் அக்காவிடமும் சொல்லிவிடாதே, பட்டாணி உரித்து முடிப்பதற்குள் எனக்கு வந்து சேர்ந்துவிடும்.

நீ எதற்காகச் சொல்லியிருப்பாய் என்று நான்கு வருடங்களாக நானே காரணம் காரணமாகத் தயாரித்து வைத்திருந்தேன். பொறாமை, தூக்கம், காலையில் நான் திட்டினதற்குப் பழி. எல்லாம் நல்ல உழைப்பு. வீணாகப் போனால் போகட்டும்.

இதை வைத்துச் சிரிப்பனையும் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அது வேறு விஷயம். என் ரத்த அழுத்தத்தைத் தப்பாக அளந்த டாக்டர் விஷயமும் அப்படியே இருக்கிறது. ஓய்வுக் காலத்தில் மனிதனுக்கு ஏதாவது வேலை வேண்டாமா?

அடுத்த விடுப்பில் பத்து நாளாவது இங்கே வந்து இரு. மாடி அறைக்கு வெள்ளை அடிக்கப் போகிறேன், ஏணியைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். 'இறங்கு' என்று நீ சொன்னால் இறங்கிவிடுகிறேன்.

இப்போதுதான் உன் அக்கா வந்து எட்டிப் பார்த்தாள்.

"காரணம் சொன்னானா?"

"இல்ல."

"நீங்க கேட்டீங்களா?"

"இல்ல."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்தும் கையை எடுக்கக் காணோம். அவள் விரல்கள் ஒரு கண்ணை மறைப்பதால், மற்றக் கண்ணால் பார்த்துத்தான் இந்தக் கடைசி வரியை எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன்,
அத்தான்