மேண்டேட்டரிலி

இந்துக் கண்ணு,

போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். போன வாரம் ‘மேண்டேட்டரிலி’ என்றால் என்னவென்று கேட்டதும், “என்னம்மா, இங்கிலீஷ் படிக்கப் போறியா?” என்று சிரித்தாய். கட்டாயமாக என்று அர்த்தம் சொன்னாய். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் செய்தே தீர வேண்டியதற்குத்தான் அந்தச் சொல்லைப் போடுவார்கள் என்றாய்.

எஸ்டேட் ஆபீஸ் நோட்டீசில் பார்த்த சொல் அது. ரிட்டையர் ஆகிறவர்கள் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டை மேண்டேட்டரிலி காலி செய்ய வேண்டுமாம். எனக்கு இந்த மாதத்தோடு வேலை முடிகிறது.

மழை விடவில்லை. உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்து, வெறும் தண்ணீர் கொதித்து வற்றிவிட்டது.

சூப்பர்வைசர் பொன்ராஜ் காலையிலும் வந்தார். “ஒம் மகளத் தேயிலக் கொழுந்தெடுக்கப் பதிஞ்சுட்டா, வீடு ஒனக்கே நிக்கும். எல்லாரும் அப்படித்தான செய்றாக?” என்றார். உண்மைதான். உன் பாட்டி வேலையை விட்டபோது என்னைப் பதிந்துதான் இந்த வீடு நின்றது. நான் பத்தாவது பரீட்சை எழுதவில்லை.

“அவ பேரு காலேஜுல பதிஞ்சிருக்குண்ணே” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். வீடு போனால் போகட்டும்.

பரீட்சை முடிந்ததும் சித்தூர் காலேஜிலிருந்து இங்கே வண்டிப்பெரியாருக்கு வராதே. கம்பத்துக்கு வா, சித்தி வீட்டில் இருப்பேன். உன் புத்தகங்களை எல்லாம் நனையாமல் கட்டி வைத்துவிட்டேன்.

இதைப் படித்துவிட்டு அழுதுகொண்டு பஸ் ஏறிவிடாதே. பரீட்சையை நீ மேண்டேட்டரிலி எழுத வேண்டும். சொல்லைச் சரியான இடத்தில்தான் போட்டிருக்கிறேன், இல்லையா?

அம்மா