முதலில் எழுந்தது யார்

லூகோ, புதன்கிழமை

அன்பு மகள் மிலேனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், அங்கே நீயும் மருமகனும் குட்டிப்பெண்ணும் அதே சுகத்தோடு இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. சுகம் என்று எழுதியதை உன் அப்பா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, வருகிற செவ்வாய்க்கிழமை நெஞ்சைப் பிளந்து வால்வு மாற்றப் போகிற ஆளைச் சுகம் என்று எழுதுகிறாயே, நீ என்ன டாக்டரா என்று கேட்கிறார். போய்த் தோட்டத்தில் உட்காருங்கள் என்று அனுப்பிவிட்டேன். மனுஷன் நன்றாகத்தான் இருக்கிறார். மாடி ஏறினால் பாதியில் நின்று சன்னல் வழியே எதையோ பார்ப்பதுபோல் பாவனை செய்கிறார், அங்கே பார்க்க ஒன்றும் கிடையாது, பக்கத்து வீட்டுக்காரனின் கொடிக்கயிறுதான். நீ கிளம்பி வருகிறேன் என்று போனில் சொன்னாய், வேண்டாம், குழந்தையை அந்தக் குளிரில் யாரிடம் விடுவாய், நான் இருக்கிறேன், டாக்டரம்மாவும் நல்ல மாதிரி, கைதான் கொஞ்சம் சில்லென்று இருக்கிறது. உன் அத்தை மகன் மறுபடியும் வேலையை விட்டுவிட்டான், இப்போது நத்தை வளர்க்கப் போகிறானாம். நம் வீட்டு வெந்நீர் பாய்லர் மாற்றியாகிவிட்டது.

நான் எழுத உட்கார்ந்தது இதற்கெல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாப்பாட்டுக் கூட்டத்தில் நடந்ததைப் போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை ஆரம்பித்தேன், பாதியிலேயே எனக்குச் சிரிப்பு வந்து தொண்டை அடைத்துக்கொள்கிறது, நீயோ அம்மா அழுகிறாள், அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறுகிறாய். அதனால் நிதானமாக எழுதிவிடுகிறேன். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மதியம் பழத் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை பார்த்த நாங்கள் பதினாலு பேரும் ஏதாவது ஒரு ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் கூடுவது உனக்குத் தெரியும். சாந்தே இன்னமும் எங்கள் செயலாளர்தான், அந்தப் பச்சை நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவதும், உட்கார்ந்ததும் எல்லார் தலையையும் விரல் நீட்டி எண்ணுவதும் மாறவில்லை. எண்ணியே ஆக வேண்டும், பதினாலு இருக்கலாம், பன்னிரண்டு இருக்கலாம், பதின்மூன்று மட்டும் கூடாது. பதின்மூன்று பேர் ஒரே மேஜையில் சாப்பிட்டால் முதலில் எழுந்திருப்பவர் அந்த வருஷம் தாண்டமாட்டார் என்று உன் கணவரிடம் சொல்லிப் பார், சிரிப்பார், சிரிக்கட்டும், அவர்கள் ஊரில் லிஃப்டிலேயே பதின்மூன்றாம் எண்ணை விட்டுவிட்டுப் பன்னிரண்டுக்கு அடுத்துப் பதினாலு என்று பொத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நீதானே சொன்னாய். சாந்தேக்குக் கண்ணில் புரை விழுந்து ஒரு வருஷமாகிறது, ஆபரேஷனுக்குப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறான், இருந்தாலும் எண்ணுகிற வேலையை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டான். தப்பு அங்கேதான் தொடங்கியது.

இந்த மாதம் கடையைத் தேர்ந்தெடுத்தது நோர்மா. ரவென்னா சாலையில் முன்பு கார் பட்டறை இருந்த இடத்தில் லோரிஸ் என்கிற ஒரு பையன், பையன் என்றால் நாற்பது வயது, பழைய காலத்து உணவகம் என்று திறந்திருக்கிறான். சுவரில் ஒரு பழைய வெஸ்பா ஸ்கூட்டரைத் தொங்கவிட்டிருக்கிறான், தையல் மிஷின் மேல் பலகை போட்டு மேஜை, மூலைக்கு மூலை ரேடியோப் பெட்டி, சுற்றுகிற போன், பரிமாறுகிற பெண்கள் தலையில் புள்ளி போட்ட துணி. நோர்மா உள்ளே நுழைந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல பாதி சாமான் என் வீட்டுல இப்பவும் ஓடிக்கிட்டிருக்கு, என்னையும் ஒரு ஆணி அடிச்சு மாட்டிட வேண்டியதுதானே" என்றாள். எனாமல் தட்டில் சூப் வந்ததும், "ஜெயில்லகூட இப்ப பீங்கான்ல தர்றாங்க" என்றாள். தேர்ந்தெடுத்ததே அவள்தான், அதை யாரும் அவளிடம் நினைவுபடுத்தவில்லை. ஆனால் சூப்பில் மிதந்த, பாலாடைக்கட்டி பொதிந்த கப்பெல்லெத்தியை மட்டும் குறை சொல்ல முடியாது, மாவு அவ்வளவு மெல்லிசு, நான் இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன், உன் அப்பாவும் வாங்கிக்கொண்டார், டாக்டரம்மாவிடம் சொல்லிவிடாதே.

எங்கள் மேஜையின் தலைமாட்டில், சன்னலுக்கு முதுகு காட்டி, தொப்பியும் மழைக்கோட்டும் போட்டு, பேப்பர் விரித்துக்கொண்டு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தது. குவின்டோ முன்னாடியே வந்துவிட்டான் என்று எல்லாரும் நினைத்தோம். குவின்டோவும் அப்படித்தான், சாப்பிடும்போது வாய் திறக்கமாட்டான், போதாததற்கு ஆகஸ்டில் சீட்டாட்டத்தில் நோர்மாவோடு சண்டை போட்டதிலிருந்து முறைத்துக்கொண்டே இருக்கிறான். நானும் பார்த்தேன், மனுஷன் இளைத்துவிட்டானே என்றுதான் நினைத்தேன். உன் அப்பா ஒயின் ஊற்றப் போய், அவன் கிளாஸ் நிரம்பியே இருப்பதைப் பார்த்து, இவனுக்கும் டாக்டர் தடை போட்டுவிட்டார் போலிருக்கிறது என்று என் காதில் சொல்லி வருத்தப்பட்டார். நோர்மா அன்று முடி அலங்காரம் செய்துகொண்டு வந்திருந்தாள், அதற்கு மூக்குக்கண்ணாடி பொருந்தாது என்று பையில் வைத்துவிட்டாள், அவனுக்குப் பக்கத்து நாற்காலி அவளுக்குத்தான் கிடைத்தது. சூப்பிலிருந்து கறி வரைக்கும் பேசினாள். கறி முடிந்ததும் ஒயின் கொஞ்சம் ஏறியிருந்ததோ என்னவோ, குரலைத் தாழ்த்தி, "குவின்டோ, எனக்கும் வயசாகுது, மனசுல வெச்சுக்கிட்டுப் போக முடியாது, அன்னிக்கு சீட்டுல உன்னை ஏமாத்தினது நான்தான், அன்னிக்கு மட்டுமில்ல, பதினோரு வருஷமா ஏமாத்துறேன், நீ நல்லவன்ப்பா" என்றாள். தாழ்த்திய குரல் என்றாலும் நோர்மாவின் குரல், அடுத்த மேஜைக்காரர்களே சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அவன் பதிலே சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறானே என்று அவளுக்குக் கோபம் வந்து தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள், தலை கழன்று ஜாம் கேக் தட்டின் ஓரத்தில் விழுந்தது.

நோர்மா போட்ட சத்தத்தில் லோரிஸ் ஓடி வந்து, "பயப்படாதீங்கம்மா, அது கடைப் பொம்மை, நாங்க அதைக் கணக்குப்பிள்ளைனு கூப்பிடுவோம்" என்று சொல்லித் தலையைத் துடைத்துத் திருகி வைத்தான். நாங்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு விலா வலித்தது. சாந்தே மட்டும் சிரிக்கவில்லை. பையிலிருந்து போனை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தான், குவின்டோ காலையிலேயே செய்தி அனுப்பியிருக்கிறான், முதுகு பிடித்துக்கொண்டது, வரமுடியாது என்று. சாந்தே நோட்டை மூடினான். "யாரும் எந்திரிக்காதீங்க, நாம பதிமூணு பேர்" என்றான். அப்போது மணி இரண்டரை.

அதற்கப்புறம் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். நாற்காலியோடு ஒட்ட வைத்ததுபோல் பதின்மூன்று பேர். நோர்மா, "ரெண்டு மணி நேரம் என் பேச்சைக் கேட்டிருக்கான், அவனும் ஒரு ஆள்தான், பதினாலுன்னு எழுது" என்றாள். சாந்தே, "ஒரு வாய் சாப்பிடாதவன் கணக்குல வரமாட்டான்" என்று ஒரே பிடி. சரி, இதற்குள் யாராவது எழுந்து போய்வந்தீர்களா, அப்படியானால் இத்தோடு முடிந்தது என்று ஒவ்வொருவராகக் கேட்டான். போய்வந்தேன் என்று எவர் ஒப்புக்கொள்வார், எல்லாரும் நாற்காலியை விட்டு அசையவே இல்லை என்று சத்தியம் செய்தார்கள். நான் அசையவில்லை என்பது உண்மை. பிறகு சாந்தே பங்குச் சாமியாருக்குப் போன் போட்டான். மதியத் தூக்கத்திலிருந்து எழுந்த சாமியார், சபை இதையெல்லாம் நம்புவதில்லை, நல்ல கிறிஸ்தவன் கேட்கிற கேள்வியா இது என்று கண்டித்தாராம். கண்டித்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்து, "இப்ப எத்தனை பேர் உட்கார்ந்திருக்கீங்க, எதுக்கும் பார்த்து எந்திரிங்க" என்றாராம். அதைச் சாந்தே எங்களிடம் சொன்னதும் இருந்த கொஞ்ச தைரியமும் போய்விட்டது. மணி நாலு ஆகிவிட்டது. லோரிஸ் வந்து கையைப் பிசைந்துகொண்டு, ஆறு மணிக்கு ஒரு நிச்சயதார்த்தக் கூட்டம் வருகிறது, மேஜைத்துணி மாற்ற வேண்டும் என்று கெஞ்சினான். கடைசியில் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்துவிடுவது என்று முடிவாயிற்று. சாந்தே எண்ணினான். மூன்று என்றதும் ஒரு தலைகூட உயரவில்லை, ஒவ்வொருவரும் மற்றவர் எழுந்துவிடுவார் என்று நம்பியிருக்கிறோம். எண்ணின சாந்தேயே எழவில்லை. மறுபடி எண்ணினான், மறுபடியும் அப்படியே.

மிலேனா, அப்போதுதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. யாரும் உன் அப்பாவைப் பார்க்கவில்லை. எல்லாரும் ரேடியோவைப் பார்த்தார்கள், வெஸ்பாவைப் பார்த்தார்கள், அவரை மட்டும் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமையைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். அவர் முதலில் எழுந்துவிடக் கூடாது என்பது எல்லார் மனதிலும் இருந்தது, தாங்கள் எழவும் யாருக்கும் துணிச்சல் இல்லை, அவர்களைக் குறை சொல்லமாட்டேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று உனக்குத் தெரியும், உப்பு கொட்டினால் துடைத்துவிட்டுப் போகிறவள் நான். ஆனால் அன்று உண்மையாகவே பயந்தேன். அவர் நாற்காலியில் நெளிவதைப் பார்த்தேன். அந்த வயதில் ஆண்களுக்கு மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது லேசா. வெட்கத்தில் சொல்லாமல் அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், வலது கையை மேஜையில் ஊன்றினார், உடம்பை முன்னால் சாய்த்தார். எழப்போகிறார். நான் எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. நாற்காலி பின்னால் போய்க் கணக்குப்பிள்ளையின் மேல் விழுந்து அவன் தலை இரண்டாவது தடவையும் கழன்றது. எழுந்து நின்றுகொண்டு, "நான் எந்திரிச்சாச்சு, இனி எல்லாரும் போய்ச் சேருங்க" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

உடனே நோர்மா தடால் என்று எழுந்தாள். "நீ எங்கடி முதல்ல எந்திரிச்சே, நான் உனக்கு முன்னாடியே எந்திரிச்சுட்டேன், நான் குட்டையா இருக்கிறதால உனக்குத் தெரியலை" என்றாள். சாந்தே எழுந்து, மூன்று எண்ணும்போதே என் முழங்கால் நிமிர்ந்துவிட்டது, நோட்டில் அப்படித்தான் எழுதப் போகிறேன் என்றான். அப்புறம் ஆளுக்கு ஆள் நான்தான் முதலில், நான்தான் முதலில் என்று ஒரே கூச்சல், ஒன்றரை மணி நேரம் அசையாதவர்கள் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டார்கள். நோர்மா லோரிஸை இழுத்து, "நீ நடுநிலையாச் சொல்லு, முதல்ல எந்திரிச்சது நான்தானே" என்று மிரட்டினாள். அவன் ஆமாம்மா என்று அவளிடமும், ஆமாய்யா என்று சாந்தேயிடமும் சொல்லி எல்லாரையும் வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். நோர்மாவோடு எனக்கு முப்பது வருஷமாக ஏழாம் பொருத்தம்தான், அன்று வாசலில் அவளைக் கட்டிக்கொண்டேன். முடி கலைகிறது என்று தள்ளிவிட்டாள். வீட்டுப் படி ஏறும்போது உன் அப்பா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

இவ்வளவுதான், கை வலிக்கிறது. குட்டிப்பெண்ணுக்குக் காது மூடுகிற தொப்பி போடாமல் வெளியே கூட்டிப்போகாதே. நீயும் வேலை வேலை என்று மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே தின்னாதே, உட்கார்ந்து சாப்பிடு. மருமகனுக்கு என் அன்பைச் சொல். நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல், ஒருவர் கையை ஒருவர் விடாமல் நீண்ட காலம் வாழ வேண்டும் என்று உன் தலையில் கை வைத்து வாழ்த்துகிறேன். செவ்வாய்க்கிழமை நீயாகப் போன் செய்யாதே, ஆஸ்பத்திரியில் எடுக்கவிடமாட்டார்கள், முடிந்ததும் நானே கூப்பிடுகிறேன்.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா பியரீனா

மிலேனா, இது அப்பா. உறை ஒட்டித் தபாலில் போடுவது என் வேலை என்பதால் படித்துவிட்டேன். உன் அம்மா எழுதியதில் ஒன்று சரியில்லை. சூப்புக்கும் கறிக்கும் நடுவில் நான் ஒரு தடவை எழுந்து கழிப்பறைக்குப் போய்வந்தேன், அவள் அப்போது சாந்தேயின் கண்ணுக்குச் சொட்டு மருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். வழியில் இன்னும் மூன்று பேரைப் பார்த்தேன், அவர்களும் சத்தியம் செய்தார்கள். முதலில் போனது நான்தான். அங்கே அதைச் சொல்லியிருந்தால் அவள் செவ்வாய்க்கிழமை வரை தூங்கியிருக்கமாட்டாள், அதனால் நானும் சத்தியம் செய்தேன். அப்புறம், நான் கை ஊன்றியது எழுந்திருக்க இல்லை. கடைசித் துண்டு ஜாம் கேக் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தது, எட்டவில்லை. இதை எதையும் அவளிடம் சொல்லிவிடாதே. நாற்பத்தேழு வருஷத்தில் அவள் எனக்காக அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததே இல்லை.