புளி போட்ட தோட்டாக் கூடுகள்

செவ்வாய், அக். 8

காலையிலிருந்து காற்று. எங்கள் புறநகர் ட்ருகனினா முழுக்கப் புது வீடு கட்டும் மண் பறக்கிறது. மூக்கு ஒழுகல். வாங்க: அலர்ஜி மாத்திரை, தயிர், பூ.

மெஷின் செத்துவிட்டது. சுட்ட தோட்டாக் கூடுகளை வால்நட் ஓட்டுத் தூளில் போட்டு உருட்டிச் சுத்தம் செய்யுமே, அது. அரை மணி உறுமியது, பிறகு கருகல் நாற்றம். சனிக்கிழமை ரைஃபிள் கிளப்பில் தேர்வு. ஐந்து பேர் அடிலெய்டு போட்டிக்குப் போவார்கள். போன வருடம் நான் ஆறாவது, ஒரே ஒரு புள்ளியில். இந்தத் தடவையும் விட்டால் என்னை நானே மன்னிக்க மாட்டேன்.

அறுபது கூடு. எல்லாம் என் துப்பாக்கியிலேயே சுட்டு, அதற்கே பழகியவை. கழுவி, புது மருந்தும் குண்டும் வைத்தால்தான் சனிக்கிழமைக்கு ஆகும்.

அத்தை கராஜ் வாசலில் நின்று பார்த்தார். என் கணவன் செந்திலின் அம்மா. ஈரோட்டிலிருந்து மூன்று மாதம் தங்க வந்திருக்கிறார்.

"பித்தளை தானே அம்மிணி? இதுக்கெதுக்கு மிஷினு?"

"விளக்கு மாதிரி இல்லீங்க அத்தை. உள்ளுக்குள்ள எல்லாம் கரி அடைஞ்சிருக்கும்."

எரிச்சலில் சொன்னது. அத்தை உள்ளே போய்விட்டார்.

புதன், 9

வேர்ஹவுஸில் ஸ்டாக் எண்ணும் நாள். இரண்டு பேர் லீவு. வீடு வர ஏழு. பழைய டூத் பிரஷ், சோப்புத் தண்ணீர். பதினொன்று தேய்த்தேன், விரலெல்லாம் கறுப்பு. மிச்சம் நாற்பத்தொன்பது ஐஸ்கிரீம் டப்பாவில், கராஜில்.

செந்தில்: "புதுசு வாங்கிக்க வேண்டியதுதானே?" கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். எத்தனை தடவை விளக்குவது இவனுக்கு.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. அத்தை பட்டியல் போடுகிறார்: லேப்டாப், கார், வாக்யூம் கிளீனர், தையல் கத்தரி.

"உன்ற துப்பாக்கிக்கும் ஒரு பொட்டு வெச்சிரலாம் அம்மிணி. நம்ம ஊட்டுல நெசமான ஆயுதம் அது ஒண்ணுதான்."

பூஜைக்கெல்லாம் பெட்டகத்திலிருந்து எடுக்க முடியாது என்றேன். முகம் வாடிவிட்டது. எனக்கு அதையெல்லாம் பார்க்கத் தெம்பில்லை.

வியாழன், 10

பேனா அழுத்தியதில் தாள் கிழிகிறது. எழுத்து கோணல்.

வேலையிலிருந்து வந்தால், சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்து அறுபது கூடும் வரிசையாக. நான் தேய்த்த பதினொன்றும் சேர்த்து. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமப் பொட்டு. பக்கத்தில் குத்துவிளக்கு. துப்பாக்கி வராவிட்டால் இதுவாவது பூஜைக்கு ஆகட்டும் என்று. அத்தை முகத்தில் அப்படி ஒரு பெருமை.

கூடெல்லாம் ரோஸ் நிறம்.

நேற்று நான் படுத்த பிறகு, விளக்குகளோடு சேர்த்து உப்பும் புளியும் கரைத்து ஊற வைத்திருக்கிறார். இன்று மத்தியானம் வரைக்கும்! அவ்வளவு நேரம் ஊறினால் புளி பித்தளையிலிருக்கும் துத்தநாகத்தைத் தின்றுவிடும். மிச்சம் பலமில்லாத செம்பு. விளக்குக்குப் பரவாயில்லை, எப்படியும் எரியும். இது என் கன்னத்துக்குப் பக்கத்தில் வெடிக்கிற சாமான்.

கிளப்பில் மூத்தவர் ப்ரூஸுக்கு போட்டோ அனுப்பினேன். ஒரு வரி பதில்: குப்பையில் போடு, யோசிக்காதே.

கத்திவிட்டேன். "யாருங்க உங்களத் தொடச் சொன்னது? ஒரு வருஷ உழைப்பு, எல்லாம் நாசம்!"

"உள்ளுக்குள்ள கரின்னு நீதான அம்மிணி சொன்ன. அதான் நல்லா ஊறட்டும்னு உட்டேன்."

சொன்னது நான்தான். அதனால் இன்னும் கோபம்.

வெள்ளி, 11

தூறல். லஞ்ச் பிரேக்கில் ஓடிப்போய்க் கடைத் தோட்டா வாங்கினேன். என் துப்பாக்கிக்கு அவ்வளவாக ஒத்துவராத ரகம். வேறு ஸ்டாக் இல்லையாம்.

சாயங்காலம் பூஜை. லேப்டாப், கார் சாவி, கத்தரி எல்லாம் இருந்தன. வாக்யூம் கிளீனருக்குக்கூடப் பூ. என் சாமான் ஒன்றுகூட இல்லை.

"உன்றத நான் தொடல அம்மிணி" என்றார், என்னைப் பார்க்காமல்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். சுண்டலில் உப்பு கம்மி என்றேன். சே, என்ன மனுஷி நான்.

சனி, 12

விஜயதசமி. இன்று தொடங்கினால் ஜெயம் என்பார்கள். ஜெயமாவது மண்ணாவது.

கிளம்பும்போது அத்தையும் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். செந்தில் என்னைப் பார்த்தான். சரி என்றேன். அங்கே வெடிச்சத்தம் தாங்கக் காதுக்கு மஃப் மாட்டினால் கொண்டை இடித்தது. கொண்டையை அவிழ்த்துப் பின்னல் போட்டுக்கொண்டு பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தார்.

பாயில் குப்புறப் படுத்துச் சுட்ட முதல் பத்து குண்டிலேயே தெரிந்துவிட்டது. எல்லாம் இடது பக்கம் இழுக்கிறது. சரிக்கட்டச் சரிக்கட்ட மேலே போகிறது. ஆறாவது. மறுபடியும் ஆறாவது! ப்ரூஸ் தோளில் தட்டினார். சுட்ட கூடுகளைக்கூடப் பொறுக்காமல், துப்பாக்கியை மட்டும் பூட்டி வைத்துவிட்டு டாய்லெட்டுக்குப் போய் அழுதேன்.

 திரும்பும்போது பாதி வழியில் பின்சீட்டிலிருந்து ஒரு மஞ்சப்பை நீண்டது. உள்ளே சுட்ட கூடுகள்.

"நீ மூஞ்சி கழுவப் போனப்ப பொறுக்குனேன். புளி போடல அம்மிணி. முந்தானைல தொடச்சதோட செரி. அடுத்த வருசத்துக்கு ஆகுமல்ல?"

ஆகும். என் துப்பாக்கியில் சுட்டவைதானே.  "நான் அன்னைக்கு அப்படிக் கத்தியிருக்கக் கூடாதுங்க அத்தை" என்றேன், ஒருவழியாக.

"அட, அத உடு கண்ணு."

பையை மடியில் வைத்தேன். கனத்தது.

"எத்தனைங்க அத்தை இருக்கு?"

"எண்ணிட்டேன். நூத்தித் தொண்ணூறு. பக்கத்துப் பாயிலெல்லாம் சும்மாத்தான கெடந்துச்சு, ஒருத்தரும் எடுக்கல."

நான் சுட்டது அறுபது.

"செந்தில், காரைத் திருப்பு."