ஆவணி பதினாறு

1947 நவம்பர் 4, செவ்வாய்

மூன்றாவது தடவையாக, பதவி உயர்வுக்கான சிவில் ஜுடிஷியல் டெஸ்டுக்கு மனு அனுப்பிவிட்டேன். வயது நாற்பத்து மூன்று. கோர்ட்டில் பதினெட்டு வருஷமாக, வழக்குப் போடுகிறவர்களின் பிராதுகளை வாங்கிச் சரிபார்க்கிற வேலை. கையெழுத்து இருக்கிறதா, ஸ்டாம்பு சரியா, கெடு தாண்டவில்லையா என்று பார்த்து ஓரத்தில் 'சரி' என்று எழுதிச் சுருக்கொப்பம் போடுவேன். தினம் சட்டத்தோடு புழங்குகிறவனுக்குச் சட்டப் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் ஏன் பயமாக இருக்கிறது?

வீட்டுக்காரி பிலோமி கடுங்காப்பியை வைத்துவிட்டு, "புஸ்தகத்தப் பாக்கீங்களா, கடலப் பாக்கீங்களா?" என்றாள். கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவையும் தோற்றால் என்னிடம் வேலை பழகிய பையன்கள் எனக்கு மேலே உட்காருவார்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசையிலும், வழக்குக் கெடுவைச் சொல்லுகிற லிமிட்டேஷன் சட்டம்தான் மனசில் ஓடியது. மாதாவே, மன்னியும்.

நவம்பர் 13, வியாழன்

இன்று மத்தியானம் கோர்ட்டில் சாப்பிட்டுக்கொண்டே லிமிட்டேஷன் சட்டத்தின் இருபத்தைந்தாம் பிரிவு வாசித்தேன். பத்திரத்தில் தமிழ்த் தேதி மட்டுமே இருந்தாலும், கெடுவை இங்கிலீஷ் காலண்டர்படிதான் எண்ணவேண்டுமாம். சோற்றை மூடி வைத்துவிட்டு மறுபடி வாசித்தேன்.

இந்தப் பக்கத்தில் யார் அப்படி எண்ணியிருக்கிறோம்? பத்திரமெல்லாம் கொல்லம் ஆண்டில்தான் வருகிறது. பஞ்சாங்கத்தை எடுத்து ஆவணிக்கு ஆவணி எண்ணுவோம். பிராது எழுதுகிறவரும் அப்படி, சரிபார்க்கிற நானும் அப்படி. பெரும்பாலும் இரண்டும் ஒரே நாளாக வந்துவிடும். சில வருஷம் ஒரு நாள் தள்ளும்.

இசக்கியம்மாள் பிராது?

நவம்பர் 14, வெள்ளி

எண்ணிவிட்டேன். எண்ணாமலே இருந்திருக்கலாம்.

இசக்கியம்மாள் முத்தையாபுரத்து விதவை. புருஷன் படுக்கையில் கிடந்தபோது வைத்தியக் கடனுக்காக வீட்டை ஜெயசிங் என்பவருக்கு எழுதிக் கொடுத்தாள். கொல்லம் 1120, அதாவது 1944, ஆவணி பதினாறில் திருப்பி எழுதித் தருவதாக உடன்படிக்கை. அவர் தரவில்லை. வழக்குப் போட மூன்று வருஷம் கெடு. இந்த வருஷம் ஆவணி பதினாறாம் தேதி பிராது கொடுத்தார்கள். பஞ்சாங்கப்படி அதுதான் கடைசி நாள். நான் 'சரி' போட்டேன்.

1944-இல் ஆவணி பதினாறு, ஆகஸ்ட் 31. இந்த ஆவணி பதினாறு, செப்டம்பர் 1. கெடு முந்தின நாளே முடிந்துவிட்டது. ஒரு நாள் — ஒரே ஒரு நாள்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அவள் நாலு நாள் முந்தியே பிராதோடு வந்தாள். அவசரமில்லை, ஸ்டாம்புக் குறையைச் சரி பண்ணிக்கொண்டு வா, ஆவணி பதினாறு வரைக்கும் இருக்கிறது என்று திருப்பி அனுப்பியவன் நான். என்னை நானே திட்டிக்கொண்டேன்: ஏலே இஞ்ஞாசி, என்ன காரியம்லே பண்ணிட்டே.

நவம்பர் 18, செவ்வாய்

கோர்ட் வராந்தாவில் இசக்கியம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணாச்சி, நீங்க சொன்ன நாளுக்கே குடுத்துட்டோம். இனி பயம் இல்லைல்லா?"

இல்லை என்றேன். வாய் கூசவில்லை. பிறகு கிணற்றடியில் போய் மூஞ்சியைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

விசாரணை ஜனவரி 19. எதிர்த்தரப்பு வக்கீல் கண்டுபிடித்தால் போச்சு. அவர் விட்டாலும் தீர்ப்புச் சொல்லுகிற முன்சீப் தாமாகவே கெடுவைப் பார்க்கவேண்டும் என்கிறது சட்டம். அவளுக்கு வீடு போகும். எனக்கு வேலை போகும். பரீட்சை எழுதி என்னத்துக்கு?

நவம்பர் 25, செவ்வாய்

சொல்லிவிடலாம் என்று ஹெட் கிளார்க் மந்திரமூர்த்தி மேஜைக்கு மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை அவர் நிமிர்ந்து, "என்னவே, வயித்து வலியா?" என்றார். ஆமாம் என்றேன். ஓமத் திராவகம் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

இசக்கியம்மாள் வழக்குக் கட்டு ரிக்கார்டு அலமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போகிறேன். புத்தகத்தைத் திறந்தால் அதே இருபத்தைந்தாம் பிரிவுதான் கண்ணில் படுகிறது. மற்றது எதுவும் ஏறவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

பிலோமியிடம் சொல்லிவிட்டேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். "தப்புன்னா தப்புன்னு சொல்லிருங்க. வேல போச்சுன்னா தோணித்துறையில எழுத்து வேலைக்குப் போலாம். வீடு போச்சுன்னா அந்தப் பொம்பள எங்கன போவா?"

பரீட்சை முடியட்டும் என்றேன். அவள் சுளகைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை. நான் ஒரு கோழை, வேறென்ன.

டிசம்பர் 15, திங்கள். பாளையங்கோட்டை

எப்படி எழுதுவது. பரீட்சை இன்று முடிந்தது.

நாலாவது கேள்வி: கெடுவின் கடைசி நாளில் கோர்ட் மூடியிருந்தால் என்ன? பச்சைக் குழந்தைக்கும் தெரியும் — திறக்கிற முதல் நாள் கொடுக்கலாம். திங்கள்தோறும் அப்படி எத்தனை பிராது வாங்குகிறேன்! விறுவிறுவென்று எழுதினேன். 'உதாரணமாக, கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையானால்' என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 31 என்ன கிழமை?

ஹாலில் காலண்டர் இல்லை. பக்கத்தில் கேட்கவும் முடியாது. ஆகஸ்ட் 15 வெள்ளி. கொடியேற்றின நாளை யார் மறப்பார்? விரல் விட்டு எண்ணினேன். 22 வெள்ளி, 29 வெள்ளி, 30 சனி, 31… நம்பிக்கை வரவில்லை. மறுபடி எண்ணினேன். 15 வெள்ளிதானா என்று அதிலேயே சந்தேகம் வந்துவிட்டது. விடைத்தாள் ஓரமெல்லாம் தேதியாக எழுதினேன், அடித்தேன், எழுதினேன். மேற்பார்வையாளர் தாளை இழுத்தபோது இரண்டு கேள்வி தொடவேயில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

ஊருக்கு வந்ததும் நேரே கோர்ட் காலண்டரிடம் போனேன். ஆகஸ்ட் 31, ஞாயிறு. செப்டம்பர் 1, திங்கள். பிராது கெடுவுக்குள்தான் இருக்கிறது!

ஒரு மாதம் செத்துப் பிழைத்தேனே, ஒரு தடவை காலண்டரைப் புரட்டினேனா? அந்தக் கட்டைப் பார்க்கவே பயந்தவன் எங்கே கிழமையைப் பார்ப்பான்.

பயத்தோடேயே இன்னொரு வேலையும் செய்தேன். பஞ்சாங்கப்படி எண்ணியது என் பிழை, ஞாயிறு வந்ததால் பிராது தப்பியது என்று முன்சீப்புக்குக் குறிப்பு எழுதி வைத்தேன். அவர் வாசித்துவிட்டு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். அவ்வளவுதான்.

பிலோமி கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். "பக்கத்து வீட்டு மரியானோட பிள்ளைக்கு அந்த ஞாயித்துக்கெழமதான ஞானஸ்நானம்? ஞானத்தகப்பன்னு மெழுகுதிரியப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு?"

நான்தான். சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க அழுகை வந்துவிட்டது.

1948 ஜனவரி 19, திங்கள்

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்ததுமே கெடுவைத்தான் பிடித்தார். ஒரு நாள் பிந்தியது என்றார். இசக்கியம்மாளின் வக்கீலுக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கும் ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது, ஞாயிறு ஞாயிறாகவே இருக்கிறதா என்று. முன்சீப் வழக்குக் கட்டுக்குள் இருந்த என் குறிப்பை எடுத்து வாசித்தார். ஆட்சேபணை தள்ளுபடி.

மார்ச் 10, புதன்

பரீட்சை முடிவு வந்துவிட்டது. பட்டியலை இரண்டு தடவை பார்த்தேன். என் நம்பர் இல்லை. நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது. மந்திரமூர்த்தி தோளைத் தட்டி, அடுத்த தடவை பார்க்கலாம் என்றார்.

மத்தியானம் இசக்கியம்மாள் வந்தாள். போன மாதம் தீர்ப்பு அவள் பக்கம். ஜெயசிங் அப்பீலுக்குப் போகவில்லை. பத்திரமும் எழுதிக் கொடுத்துச் சாவியையும் கொடுத்துவிட்டாராம். நான் ஒரு மாதம் தவித்தது அவளுக்குத் தெரியாது. கருப்பட்டிப் பொட்டலத்தை நீட்டினாள். கோர்ட்டில் வாங்கக் கூடாது என்றேன்.

"அப்ப வீட்டுக்கு வாங்க அண்ணாச்சி. பால் காய்ச்சுதேன். அக்காவையும் கூட்டிட்டு வாங்க."

என்றைக்கு என்று கேட்டேன்.

"வார ஞாயித்துக்கெழம."