ஆக்லாந்தோடு நின்றுவிட்ட டாலோ

ஜனவரி 16, செவ்வாய்

தீவிலிருக்கும் என் சொந்த ஊர் லெவுக்காவுக்கு வந்து சேர்ந்தேன். டாலோ வரவில்லை.

பட்டாளச் சமையற்கூடத்தில் இத்தனை வருடம் வேலை பார்த்து, இங்கிலாந்திலிருந்து கொண்டுவர என்று இருந்தது இரண்டு பெட்டியும் அந்த நாயும்தான். நேற்று ஆக்லாந்தில் விமானம் மாற்றும்போது கூண்டிலேயே மயங்கிக் கிடந்தாளாம். இதயம் பலவீனம் என்கிறார் மருத்துவர். தேறும்வரை அங்கே காப்பகத்தில் இருக்கட்டும் என்கிறார்கள். நான் முந்தைய விமானத்தில் வந்துவிட்டேன். கூடவே வந்திருந்தால்? வந்திருந்தாலும் அவள் கீழே சரக்கோடு சரக்காகத்தானே இருந்திருப்பாள்.

ஜனவரி 17

மாமா மகன் வைசாகே அவளுக்காகப் பின்கட்டில் மூங்கில் வேலி அடைத்து, மேலே தென்னங்கீற்று வேய்ந்து வைத்திருந்தான். வேலியைத் தட்டிக் காட்டிவிட்டு வழக்கம்போல ஆரம்பித்தான். "ஏன் மச்சான், இந்த ஊர்ல நாய்க்கா பஞ்சம்? கண்ணை மூடிக்கிட்டு ஒரு கல்லைப் போடு, மூணு நாய் மேல விழும். அதுல ஒண்ணைப் பிடிச்சு இங்கிலீஷ் சொல்லிக்குடு."

சிரிக்க முயன்றேன். வரவில்லை. அவன் மீன் ஆலைக்குக் கிளம்பிப் போனான். சாயங்காலம் பார்க்கிறேன், கூரையில் இன்னொரு வரிசை கீற்று ஏறியிருக்கிறது.

ஜனவரி 21, ஞாயிறு

இங்கிலாந்திலிருந்து மகள் லிட்டியா வீடியோவில் கூப்பிட்டாள். நாங்கள் பிரிந்தபின் அவள் தன் அம்மாவோடு இருக்கிறாள். அந்தப் புது வீட்டில் நாய் வளர்க்க அனுமதியில்லை. டாலோ உண்மையில் அவளுடைய நாய். நாலு வயதிலிருந்து அதன் மேல் கால் போட்டுத்தான் தூங்குவாள். "நீங்கதான் தனியா இருப்பீங்க, நீங்க கூட்டிட்டுப் போங்கப்பா" என்று கயிற்றை என் கையில் கொடுத்தவளும் அவள்தான்.

டாலோவைக் காட்டச் சொன்னாள். நடந்ததைச் சொன்னேன். "அங்க யார் பக்கத்துல தூங்கறா?" என்றாள்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் சொன்னேன்.

ஜனவரி 30

மருத்துவர் முடிவாகச் சொல்லிவிட்டார். இன்னொரு விமானம் தாங்காது. மூன்று மணி நேரம்தானே என்றேன். ஏறும்போதே உயிர் போய்விடலாம் என்றார்.

கப்பலில் கொண்டுவர வழியுண்டா என்று துறைமுகத்தில் வைசாகே யார் யாரையோ கேட்டுப் பார்த்தான். ஒருவரும் ஏற்றுவதாக இல்லை.

பிப்ரவரி 4

நியூசிலாந்து விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். வந்தால் போய்ப் பார்க்கலாம். பார்த்துவிட்டு? அங்கேயே தங்க முடியாது. மறுபடி அவளை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அவளுக்கு அது நல்லதா, எனக்கா?

பிப்ரவரி 9

காப்பகத்தில் டாலோ சாப்பிடவில்லையாம்.

பிப்ரவரி 13

காப்பகத்தில் வேலை பார்க்கும், மேலே என்ற பெயருடைய தொங்கா நாட்டுப் பெண் போனில் பேசினார். ஐம்பது வயதிருக்கும். பட்டினி கிடக்கிறாளே என்று கேட்டு வாங்கி, டாலோவைத் தன் வீட்டுக்கே கூட்டிப் போயிருக்கிறார்.

"முகமே குடுக்கல தம்பி. சுவரைப் பாத்துப் படுத்துக்கிட்டா. நேத்து நான் தரையில உக்காந்து சாப்பிட்டேன். மெல்ல வந்து என் தட்டுல இருந்த மரவள்ளியைத் தின்னுட்டா."

சந்தோஷப்பட வேண்டியவன்தானே நான்? என் கையிலிருந்து அல்லாமல் இன்னொருத்தர் தட்டிலிருந்து தின்றாளே என்றிருந்தது. சீ, என்ன மனுஷன்டா நீ. பட்டினியாவே கிடக்கணும்னு நினைச்சியா?

போனை வைக்கும் முன்னால் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நானே வெச்சுக்கட்டுமா? அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

பிப்ரவரி 18, ஞாயிறு

லிட்டியாவிடம், விசா வரும், வேறொரு மருத்துவரிடம் காட்டலாம், மழைக்காலம் போய்க் குளிர்ந்த பிறகு ஒருமுறை முயன்று பார்க்கலாம் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனேன். மேலே அக்கா கேட்டதையும் சொன்னேன்.

"வேணாம்ப்பா," என்றாள். "இப்பதான் அவங்ககிட்ட பழகியிருக்கா. மறுபடியும் கிளப்பாதீங்க."

"உனக்கு அவ வேணாமா?"

"நான் அஞ்சு ஸ்கூல் மாறியிருக்கேன்ப்பா. ஒவ்வொரு தடவையும் அடுத்தது நல்லா இருக்கும்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனீங்க. அவகிட்ட அதைக்கூடச் சொல்ல முடியாது."

கோபமாகச் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண்.

பிப்ரவரி 20

மேலே அக்காவிடம் சொல்லிவிட்டேன். வைத்துக்கொள்ளுங்கள் என்று. அவர் அழுதார். நான் மருந்து வேளைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாலையில் வைசாகே வீட்டில் யங்கோனா வேரை இடித்துக் கரைத்த பானம். வட்டமாக உட்கார்ந்து குடித்தோம். வைசாகே என்னை ஒரு கேலிகூடச் செய்யவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

மார்ச் 2

டாலோவுக்காக வேலி அடைத்த பின்கட்டில் வைசாகே மரவள்ளிக் குச்சி நட்டுக்கொண்டிருக்கிறான். என்னைக் கேட்காமல். நானும் ஒரு பக்கம் குழி தோண்டினேன்.

மார்ச் 16, சனி

மேலே அக்கா வீடியோவில் கூப்பிட்டார். டாலோ கொஞ்சம் பெருத்திருக்கிறாள். பழைய கம்பளத்தின் மேல் அவர் பாதத்தில் தாடையை வைத்துப் படுத்திருந்தாள். பேசுங்க தம்பி என்று போனை அவள் காதருகே பிடித்தார். பெயர் சொல்லி அழைத்தேன். சட்டென்று எழுந்தாள். போனை முகர்ந்தாள். அதன் பின்னால் போய்ப் பார்த்தாள். கதவு வரை போய் நின்றாள். நான் மறுபடி கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்துவிட்டு, திரும்பி வந்து, அதே பாதத்தில் தாடையை வைத்தாள்.

அடுத்த வாரமும் கூப்பிடட்டுமா என்று கேட்டார் மேலே அக்கா.

வேண்டாம் அக்கா, அவள் தூங்கட்டும் என்றேன்.