நீங்கள் தேய்த்த ஐந்து நாணயங்கள்

என்னங்க,

நாணயப் பெட்டியோடு மதிப்பீட்டாளரிடம் போகிறேன். "செல்லாக் காசை யாரு சீண்டுவா?" என்று கேட்டீர்களே, சாயங்காலம் வந்து பதில் சொல்கிறேன். இருபது வருஷமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது, வீண் போகாது.

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. பதினோரு மணிக்குக் குழாய்க்காரர் வருவார். கூடவே நின்று பாருங்கள். இல்லாவிட்டால் போன தடவை மாதிரி ஒப்புக்கு இறுக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

நேற்று நான் கத்தியது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் பழைய நாணயத்தை யாராவது பற்பசை போட்டுத் தேய்ப்பார்களா? அந்தக் கறுப்புக்குத்தான் மதிப்பே. பளபளவென்று ஆக்கிவிட்டால் பாதி விலைகூடத் தேறாது.

செருப்பு மாட்டிய பிறகு ஞாபகம் வந்தது: அலமாரியில் இன்னொரு டப்பா நாணயம் இருக்கிறது. புண்ணியமாகப் போகும், அதைத் தொடாதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் தேய்த்த ஐந்தையும் நான் எடுத்துப் போகவில்லை, என் தலையணைக்கு அடியில் இருக்கின்றன. நான் சந்தோஷப்படுவேன் என்றுதானே விரல் சிவக்கச் சிவக்கத் தேய்த்தீர்கள்? மற்றதற்கெல்லாம் அவர் விலை சொல்லட்டும். அந்த ஐந்தை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.