பட்டன் போனுக்கு மாறிய வாரம்

ஆவணி 8, திங்கள்

காலையில் தூறல். பத்து மணிக்கே சுள்ளென்று வெயில். தஞ்சாவூர் போய் பட்டன் போன் வாங்கியாச்சு. இனிமேல் இதில் ப.போ. என்று எழுதுவேன். பழசு பெ.போ., பெரிய போன். அது பீரோவில், வீட்டுக்காரி செல்வியின் பட்டுப்புடவைக்கு அடியில், அணைத்துக் கிடக்கிறது.

கடையில் இருந்த பெண், "வீட்ல பெரியவங்களுக்காங்க ஐயா?" என்றது. "நான்தாம்மா பெரியவன். எங்க ஊருக்கே." சிரித்துவிட்டது.

ப.போ. சிறப்பு:
1. ஒரு தடவை சார்ஜ் போட்டால் ஆறு நாள். (பெட்டியில் மூணு நாள் என்றுதான் போட்டிருக்கு. அடக்கமாகப் போட்டிருப்பார்கள்.)
2. டார்ச். மாட்டுக்கொட்டகை முழுக்கப் பகல்.
3. வாட்ஸப் கிடையாது.

டீக்கடையில் முப்பது பேர் சூழ்ந்துகொண்டு ஏன் எதற்கு என்று கேட்டார்கள். சரி, நாலு பேர். "ஜப்பான்ல பெரிய பெரிய விஞ்ஞானியெல்லாம் இதுக்குத்தான் மாறிட்டான். நம்ம ஜில்லாவுல நான்தான் முதல் ஆளு" என்றேன். நம்பினார்கள்.

இங்கே நிஜத்தை எழுதலாம். வேறு யார் படிக்கப் போகிறார்கள்.

தங்கச்சி மல்லிகாவின் மகள் ரேவதிக்குப் பட்டுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் வரன் முடிவாகி, ரெண்டு வீட்டு ஆட்களையும் சேர்த்துப் புதுசாக ஒரு குரூப் ஆரம்பித்தார்கள். போன புதன்கிழமை அதை எங்கள் பங்காளி குரூப் என்று நினைத்து வாய்ஸ் போட்டேன். "கடைமடைக்காரங்கப்பா. ஆத்துத் தண்ணிய நாம குடிச்சிட்டு மிச்சம் விட்டாதான் அவங்க ஊர்ல உலை கொதிக்கும். தாய்மாமன் நான் தலையாட்டினதாலதான் அவங்களுக்கு நம்ம வீட்ல பொண்ணே கிடைக்குது." கடைசியில் ஒரு சிரிப்பு வேறு.

பதறி அழித்தேன். எனக்கு மட்டும் அழிந்தது. மற்ற எல்லார் போனிலும் அப்படியே இருக்கிறது.

மல்லிகா வீட்டு வாசலுக்கு ஓடினேன். கேட்டைத் திறக்கவில்லை. "நான் சரி பண்றேம்மா, அந்தப் போனை இனிமே தொட மாட்டேன், சாமி சத்தியம்" என்றேன். "நீ ஒண்ணும் சரி பண்ண வேணாம்ண்ணே. சும்மா இரு, போதும்."

செல்வி: "போனை மாத்தி என்னங்க பண்றது? வாய் உங்ககிட்டதானே இருக்கு."

ஞாயிறு நிச்சயதார்த்தம். ரேவதிக்குத் தாய்மாமன் நான் ஒருத்தன்தான். முதல் வெத்தலை பாக்கு தாய்மாமன் வீட்டுக்குத்தான் வரணும். இன்று வரவில்லை. நாளைக்கு வரும்.

ஆவணி 9, செவ்வாய்

வரவில்லை. ப.போ.வுக்கு வந்த அழைப்புகள்: லோன் வேணுமா என்று ஒரு பெண். ராங் நம்பர் ஒருவர், மன்னார்குடி. அவரோடு கால் மணி நேரம் பேசினேன். நல்ல மனுஷன்.

மணி அடிக்கிறதா என்று செல்வியைப் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அடிக்கச் சொல்லிப் பார்த்தேன். அடிக்கிறது.

ஆவணி 10, புதன்

களை எடுக்க ஆறு பேர். யூரியா வாங்கணும். வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டுச் சட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். கேஸ் சிலிண்டர்.

செல்வி: "பெரிய போனை ஒரு தடவை போட்டுப் பாருங்களேன். குரூப்ல ஏதாவது சொல்லியிருப்பாங்க."
"சத்தியம் பண்ணியிருக்கேன்."
"நீங்க பண்ணாத சத்தியமா?"

பீரோ சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டதாகச் சொன்னேன். இடுப்பில்தான் இருக்கு.

ஆவணி 11, வியாழன்

பங்காளி தனபால் டீக்கடையில்: "ஏண்ணே, நிச்சயப் பத்திரிகை குரூப்ல வந்துச்சே. பாக்கலையா? ஓ, நீங்கதான் ஜப்பான் ஆளாச்சே!"

அவன் போனை வாங்கிப் பார்த்தேன். மஞ்சள் பத்திரிகை. பெருசாக்கிப் பார்த்தேன். தாத்தா பாட்டி பேர், அத்தை பேர், செத்துப்போன பெரியப்பா பேர்கூட. தாய்மாமன் என்று ஒரு வரியே கிடையாது.

"அச்சடிக்கிறவன் விட்டிருப்பான்" என்றேன். தனபால் ஜப்பான் கேலியை நிறுத்திவிட்டான். அதுதான் தாங்க முடியவில்லை.

ரேவதிக்குக் காது குத்தினது என் மடியில் வைத்து. என் சட்டையெல்லாம் ரத்தம். ஒரு சொட்டுதான். ஆனால் என் மடியில்தான்.

ஆவணி 12, வெள்ளி

யாரிடமும் சொல்லாமல் மாப்பிள்ளை ஊருக்குப் போய் வந்தேன். பட்டுக்கோட்டை வரை உட்கார இடம், அப்புறம் நின்றுகொண்டே. வழி முழுக்க என்ன பேசுவது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். கலெக்டரையே உட்கார வைத்துப் பேசினவன் நான்.

மாப்பிள்ளையின் அப்பா நாற்றங்காலில் நின்றார். நாற்று நுனி கருகி இருந்தது. வாய்க்கால் தரையில் பாளம் பாளமாக வெடிப்பு. எங்கள் ஊரில் இன்று காலை வாய்க்கால் கரை வழிந்தது.

நான் "சம்பந்தி" என்றேன். அவர் "வாங்க சார்" என்றார். அந்த 'சார்' போதும்.

நான் ஆரம்பிக்கும் முன்னே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. கேளுங்க" என்று போட்டுவிட்டார். என் குரல். அந்த வெயிலில், அந்தக் காய்ந்த வயல் மேல். கடைசியில் அந்தச் சிரிப்பு. என் சிரிப்பு அப்படியா இருக்கும்?

"தண்ணி வந்து சேர்றதுக்குள்ள எங்க நாத்து முத்திப் போயிடும் சார். நீங்க சொன்னதுல பொய் இல்ல. அதான் வலிக்குது."

காலில் விழப் போனேன். (இதைக் கூட்டி எழுதவில்லை.) தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார். "பொண்ணு நல்ல பொண்ணு. அதுல மாத்தமில்ல. ஆனா நீங்க சபையில இருந்தா எங்க ஊர்க்காரங்க உக்கார மாட்டாங்க. வர வேணாம். உங்க தங்கச்சிகிட்டயும் சொல்லிட்டேன்."

சரி என்றேன். ஒரே வார்த்தை. மனசில் அடுக்கி வைத்ததெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகப் போச்சு.

ஆவணி 13, சனி

எனக்கு நாற்பது நம்பர் மனப்பாடம் என்று சொல்லிக்கொள்வேன். ரெண்டுதான். ஒன்று மல்லிகாவுடையது. ப.போ.வில் ஒவ்வொரு பட்டனாக அழுத்தினேன்.

"மல்லி, முழங்கால்ல ஒரே வலிம்மா. நாளைக்கு வர முடியாது போலருக்கு. செல்வியை அனுப்பறேன்."

"சரிண்ணே" என்றாள். உடனே. மூச்சு விடக்கூட நேரம் எடுக்கவில்லை.

நான் போகாமல் இருந்தால் அவளுக்கு எவ்வளவு நிம்மதி. பத்து ஊர் கேட்கப் பேசினவன், என் தங்கச்சிக்கு நான் செய்யக்கூடிய ஒரே சீர் இது.

ஆவணி 14, ஞாயிறு

மழை இல்லை. செல்வி எட்டு மணிக்கே போய்விட்டாள். எதற்கென்று தெரியவில்லை, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பத்தே முக்காலுக்கு ப.போ. அடித்தது. ரேவதி. "மாமா, பத்திரிகை படிக்கப் போறாங்க. போனை மடியிலயே வச்சுக்கறேன். நீங்க ஒண்ணும் பேசக் கூடாது. கேளுங்க, அவ்வளவுதான்." ம் என்றுகூடச் சொல்லவில்லை நான்.

நாயனம். ஐயர் இருமல். அந்த வீட்டுப் பேர், இந்த வீட்டுப் பேர், முகூர்த்த நாள். யாரோ, "பொண்ணுக்குத் தாய்மாமன் எங்கப்பா?" மல்லிகா குரல்: "முழங்கால் வலிங்க." என் பொய்யை அவள் சொல்கிறாள். தட்டு மாற்றிவிட்டார்கள். குலவை.

பிள்ளை போனை அணைக்க மறந்துவிட்டது. ப.போ. இடது காதில், வலது கையால் இதை எழுதுகிறேன். பந்திக்குக் கூப்பிடுகிறார்கள். நாற்காலி இழுக்கிற சத்தம்.

மல்லிகா, ரொம்பக் கிட்டத்தில்: "அண்ணி, அண்ணன் சாப்பிட்டுச்சா?"

செல்வி: "ரெண்டு நாளா இல்ல."

மல்லிகா அங்கிருந்து போகவில்லை. அவள் வளையல் சத்தம் கேட்கிறது. நான் பேசக் கூடாது